கூட்டு வட்டி தெரியும், கடன் பேப்பர் புரியாது: தம்பியை அனுப்பின நாலு ஞாயிறு கிளாஸ் பத்தி ஒரு ரிவ்யூ

ஸ்டார் மட்டும் பாக்கறவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன், அஞ்சுக்கு மூணரை. அந்த ஒன்றரை எங்க போச்சுன்னு கீழ எழுதியிருக்கேன், கொஞ்சம் நீளம்தான், பொறுமை இல்லாதவங்க ஃபோன் கால் பத்தி எழுதின இடத்தை மட்டும் படிச்சிட்டு போயிடுங்க.

என் தம்பிக்கு 18 முடியப் போகுது. ஸ்கூல் முடிச்சாச்சு, கணக்குல 97 மார்க், வீட்ல எல்லாருக்கும் பெருமை. ரெண்டு மாசம் முன்னாடி ஒரு பேப்பரை எடுத்துட்டு வந்து நீட்டினான், லேப்டாப்பை தவணைல வாங்கிக்கறேன்க்கா, வட்டி வெறும் 12 பர்சன்ட்தான், நானே பார்ட் டைம் பண்ணி கட்டிடுவேன்னான். வாங்கி பாத்தேன். ஃப்ளாட் ரேட். உனக்கு இதுல என்ன புரியுதுன்னு கேட்டா 12 பர்சன்ட்னு போட்டிருக்குல்லங்கறான். அதே பையன் பரீட்சைல கூட்டு வட்டி கணக்கை ரெண்டு நிமிஷத்துல போட்டு அடிக்கோடு வேற போட்டுட்டு வந்தவன். ஏன்டா இதைத்தானே படிச்சேன்னு கேட்டேன். "அது கணக்குக்கா, இது வேற"ன்னு சொன்னான் பாருங்க, அந்த ஒரு பதில்தான் கடன், ஒப்பந்தம், வரி, முதலுதவி மாதிரி நடைமுறை விஷயங்களை சொல்லித் தர்ற இந்த கிளாஸை என்னை தேட வச்சது.

ஃப்ளாட் ரேட் தெரியாதவங்களுக்காக, ரவுண்டா 1,00,000 கடன், ஒரு வருஷம், 12 பர்சன்ட்னு வச்சுக்குங்க. வட்டி 12,000, மொத்தம் 1,12,000, மாசம் 9,333 கட்டணும். பாக்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா மாசா மாசம் அசலும் சேத்துதானே கட்டிட்டு வர்றோம், ஆறாவது மாசம் நம்ம கையில இருக்கறது பாதி கடன்தான், வட்டி மட்டும் கடைசி வரைக்கும் முழு லட்சத்துக்கும் போட்டு வாங்கறாங்க. குறையற பாக்கிக்கு மட்டும் வட்டின்னு கணக்கு பண்ணி பாத்தா இது 21 பர்சன்டுக்கும் மேல போகுது. தம்பி இதை அவனே பேனா எடுத்து போட்டு பாத்தான், மூஞ்சி தொங்கிப் போச்சு. அப்ப அவனுக்கு கணக்கு தெரியாம இல்ல. எங்க அந்த கணக்கு ஒளிஞ்சிருக்குன்னு கண்ணு பழகல, அவ்ளோதான்.

சரி கிளாஸுக்கு வரேன். பேர் போடல, ஏன்னா கடைசில நடந்த ஒரு விஷயத்துக்கு இன்னும் அவங்ககிட்ட பதில் வரல, அதோட இதே மாதிரி நடத்தறவங்க இப்ப நிறைய பேர் வந்துட்டாங்க, எங்க சேந்தாலும் நான் சொல்றதை வச்சு உரசிப் பாத்துக்கலாம். நாலு ஞாயித்துக்கிழமை, காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும், 17லேருந்து 20 வயசுக்குள்ள இருக்கறவங்களுக்கு. கூட வர்ற பெரியவங்க பின் பெஞ்சுல உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது. நான் நாலு நாளும் உட்கார்ந்தேன், வாய் மட்டும் ரெண்டு தடவை திறந்துட்டேன், திட்டு வாங்கினேன். 15 பேருக்கு மேல சேக்க மாட்டோம்னு சொல்லித்தான் பணம் வாங்கினாங்க, போய் பாத்தா 24 பேர். இங்கயே அரை ஸ்டார் காலி.

முதல் நாள் காலைல வாசல்லயே அட்டெண்டன்ஸ் ஷீட் ஒண்ணு நீட்டினாங்க, மேல நாலு வரி குட்டி எழுத்துல ஏதோ இருந்தது, பசங்க எல்லாம் வரிசையா வந்து பேர் எழுதி சைன் போட்டு போயிட்டே இருந்தாங்க. ஒரே ஒரு பொண்ணு மட்டும் நின்னு படிச்சிட்டு, மேடம் இது என்னன்னு கேட்டா, மேடம் சிரிச்சிட்டே அவ காதுல ஏதோ சொல்லி உள்ள அனுப்பிட்டாங்க. மத்தியானம் சாப்பிட்டு வந்ததும் அந்த ஷீட்டை பெருசா ஸ்கிரீன்ல போட்டாங்க. மூணாவது வரில இருக்கு, கீழே கையெழுத்திட்டவர் இன்று மாலை வகுப்பு முடிந்ததும் அரங்கை பெருக்கி நாற்காலிகளை அடுக்கித் தர சம்மதிக்கிறார்னு. ஹால் முழுக்க ஒரே சத்தம், அது எப்படி மேடம், சொல்லவே இல்லையே, இது சீட்டிங்னு. மேடம் அலட்டிக்கவே இல்ல, "எழுதித்தானே இருக்கு, உங்க கையெழுத்துதானே"ன்னு ஒரே கேள்வி. சாயங்காலம் 23 பேரும் பெருக்கினாங்க. என் தம்பி வீட்ல ஒரு நாள் துடைப்பத்தை தொட்டதில்ல, அன்னைக்கு மூலை மூலையா பெருக்கினதை நான் வீடியோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். படிச்ச அந்த பொண்ணு சேர்ல கால் மேல கால் போட்டு உட்கார்ந்து எல்லாரையும் வேடிக்கை பாத்துட்டு இருந்தா.

இதுக்கு அப்புறம்தான் வாடகை ஒப்பந்தம் ஒண்ணை கையில கொடுத்தாங்க, மூணு பக்கம், மாதிரிக்காக தயார் பண்ணது. அட்வான்ஸ்ல எதெதுக்கு பிடிப்பாங்க, பாதில காலி பண்ணா என்ன ஆகும், எத்தனை நாள் முன்னாடி சொல்லணும், தானா புதுப்பிச்சுக்கும்ங்கற வரி எங்க இருக்கு, இதையெல்லாம் பென்சில்ல கோடு போட்டு தேட சொன்னாங்க. காலைல குடுத்திருந்தா ஒருத்தனும் படிச்சிருக்க மாட்டான். பெருக்கப் போறோம்னு தெரிஞ்ச கடுப்புல ஒவ்வொரு கமாவையும் விடாம படிச்சாங்க. இதுக்கே முழு மார்க் குடுக்கலாம்.

இப்ப அந்த ஃபோன் கால். என் பார்வைல மொத்த நாலு நாள்லயும் இதுதான் உருப்படியான விஷயம். இந்த வயசு பசங்களுக்கு ஃபோன் கையோட ஒட்டியே இருக்கு, ஆனா முன்ன பின்ன தெரியாத ஒருத்தருக்கு கால் போட்டு பேசணும்னா உயிர் போகுது, உங்க வீட்லயும் கவனிச்சு பாருங்க. இவங்க என்ன பண்ணாங்கன்னா பக்கத்து ரூம்ல ரிட்டயர் ஆன ஒரு பெரியவரை உட்கார வச்சு, ஆளுக்கு ஒரு வேலையை குடுத்து அவருக்கு கால் பண்ண வச்சாங்க. ஒருத்தருக்கு தப்பா வந்த பில்லை சரி பண்ணணும், ஒருத்தருக்கு தொலைஞ்ச சர்டிஃபிகேட்டுக்கு நகல் வாங்கணும், ஒருத்தருக்கு ஹாஸ்பிடல்ல அப்பாயின்ட்மென்ட் மாத்தணும். பேசறதெல்லாம் ஸ்பீக்கர்ல, எல்லார் முன்னாடியும்.

அந்த பெரியவர் நடிப்பு இருக்கே, கண்டிப்பா முப்பது வருஷம் ஏதோ ஒரு கவுன்டர்ல உட்கார்ந்தவராத்தான் இருக்கணும். தம்பி கால் பண்ணான்.

"ஹலோ சார், என் சர்டிஃபிகேட் தொலைஞ்சு போச்சு சார்..."

"அது இங்க இல்லப்பா, வேற செக்ஷன்."

"ஓகே சார், தேங்க்யூ சார்."

வச்சுட்டான். பத்து செகண்டு. வேலை முடிஞ்சுதாப்பான்னு மேடம் கேக்க, இல்ல மேடம் வேற செக்ஷன்னு சொன்னாருன்னு நிக்கறான். எந்த செக்ஷன்? தெரியாது. அவர் பேர்? தெரியாது. என்னென்ன பேப்பர் வேணும்? தெரியாது. அப்புறம் எதுக்குப்பா தேங்க்யூ சொன்னேன்னு கேட்டாங்க, எல்லாரும் சிரிச்சிட்டாங்க, எனக்கு மட்டும் சுருக்குன்னு இருந்தது. ஏன்னா முதல் வேலைல சேந்தப்ப நானும் அப்படித்தான் இருந்தேன், ஆஃபர் லெட்டர்ல போட்ட தொகை ஒண்ணு கைக்கு வந்தது ஒண்ணு, ஹெச்ஆர் கிட்ட கேட்டப்ப பிடித்தம் எல்லாம் போக அவ்ளோதான்மான்னாங்க, சரி மேடம் தேங்க்ஸ் மேடம்னு வந்து பாத்ரூம்ல நின்னு அழுதேன். என்ன பிடித்தம், எவ்ளோன்னு ஒரு கேள்வி கேக்க எனக்கு மூணு மாசம் ஆச்சு. பன்னெண்டு வருஷம் ஸ்கூல்ல ரெண்டாவது தடவை சந்தேகம் கேட்டா, அப்பவே சொன்னேனே எங்க பாத்துட்டு இருந்தேன்னு திட்டு விழும்ல, அது உடம்புலயே ஊறிப் போயிடுது.

ரெண்டாவது ரவுண்டுக்கு ஒரு நோட்டும் பேனாவும் குடுத்து, வைக்கறதுக்கு முன்னாடி நாலு விஷயம் எழுதியிருக்கணும்னாங்க, பேசினவர் பேர், எந்த இடம், என்ன எடுத்துட்டு வரணும், எப்ப வரணும். பெரியவர் இந்த தடவை இன்னும் மோசமா, வேலையா இருக்கேன்பா அப்புறம் கூப்பிடுங்கறார். தம்பி நாக்கு ஒட்டிக்கிட்டாலும் விடல, எத்தனை மணிக்கு சார் கூப்பிடறது, உங்க பேர் என்னன்னு சொல்லிக்கலாம் சார்னு கேட்டான். ஸ்பீக்கர்ல ஒரு நிமிஷம் அமைதி. அப்புறம் பெரியவரே சிரிச்சிட்டார். நாலாவது ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஒவ்வொரு கிளாஸ்லயும் காலைல இந்த பயிற்சி உண்டு, கடைசி நாள் பசங்க அவரை ஒரு வழி பண்ணிட்டாங்க.

சிபிஆர், அதாவது இதயம் நின்னு போனவங்களுக்கு நெஞ்சை அழுத்தி செய்யற முதலுதவி, அந்த செஷனும் இதே மாதிரி கையால செய்யறதுதான், அருமை. பொம்மையை தரைல போட்டு, முழங்கை மடங்காம, நிமிஷத்துக்கு 100லேருந்து 120 தடவை, நெஞ்சு 5 சென்டிமீட்டராவது இறங்கற அளவு அழுத்தணும், 6க்கு மேல போகக் கூடாது. கேக்க சுலபமா இருக்கும், ரெண்டு நிமிஷத்துல நல்லா ஜிம் போற பையனே மூச்சு வாங்கி உட்கார்ந்துட்டான், அதனாலதான் ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா ஆள் மாத்தணும்னு சொல்லிக் குடுத்தாங்க. சொல்லிக் குடுத்த நர்ஸ் ஒரு தகவல் சொன்னாங்க, வீட்டுக்கு வந்து தேடிப் பாத்தேன், சரிதான். நார்வேல 1961லயே இதை ஸ்கூல்ல கொண்டு வந்துட்டாங்களாம். டென்மார்க்ல 2005ல ஸ்கூல்ல கட்டாயமாக்கி, அப்புறம் டிரைவிங் லைசென்ஸ் எடுக்கறவங்களுக்கும் கட்டாயமாக்கினாங்க. அங்க ஆஸ்பத்திரிக்கு வெளியில இதயம் நின்னு விழுந்தவங்கள்ல, பக்கத்துல இருந்தவங்க சிபிஆர் பண்ணது 2001ல 21 பர்சன்ட், 2010ல கிட்டத்தட்ட 45. ஸ்கூல் மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது, ஆம்புலன்ஸ் கால்லயே வழி சொல்றது மாதிரி வேற ஏற்பாடும் நடந்திருக்கு. ஆனா ஒரு முழு நாட்டையும் பழக்கலாம்ங்கறது நிஜம்.

இனிமே திட்டு. அந்த ஃபோன் பயிற்சியை விட்டா ரெண்டாவது ஞாயிறு முழுக்க வேஸ்ட்னே சொல்லலாம். உலக சுகாதார நிறுவனம் 1990கள்ல சொன்ன பத்து வாழ்க்கைத் திறன்னு ஒரு ஸ்லைடு போட்டாங்க, முடிவெடுத்தல், பிரச்சனை தீர்த்தல், தன்னை அறிதல், பிறர் துயர் உணர்தல்னு போகும். பட்டியல் நல்ல பட்டியல்தான். ஆனா அதை ஒரு சார் ஒண்ணரை மணி நேரம் வரி வரியா வாசிச்சார், பசங்க நோட்ல எழுதினாங்க, ஒருத்தன் கை தூக்கி "சார் இது டெஸ்ட்ல வருமா"ன்னு கேட்டான். அவனை குத்தம் சொல்ல முடியல. அதுக்கு அப்புறம் மோட்டிவேஷன் பேச்சு ரெண்டு மணி நேரம், கனவு காணுங்கள் ரகம், என் பக்கத்து பெஞ்சு அப்பா ஒருத்தர் நிஜமாவே கனவு கண்டுட்டு இருந்தார், குறட்டையோட.

வரி பத்தின கிளாஸும் ஸ்லைடு வாசிப்புதான். ஒரு ஃபார்மை நிரப்ப குடுத்திருக்கலாம், ஒரு சம்பள சீட்டை குடுத்து பிடித்தத்தை கண்டுபிடிங்கன்னு விட்டிருக்கலாம். கிரெடிட் கார்டு கணக்கு மட்டும் தப்பிச்சது, ஏன்னா அதை போர்டுல பசங்களையே போட விட்டாங்க. பாக்கி 1,00,000, மாச வட்டி 3 பர்சன்ட், குறைந்தபட்சம் 5 பர்சன்ட் கட்டினா போதும்னு வச்சுக்குங்க. வட்டி சேந்து 1,03,000, அதுல 5,150 கட்டறோம், மிச்சம் 97,850. அஞ்சாயிரத்து சொச்சம் கட்டியும் கடன் குறைஞ்சது ரெண்டாயிரத்து சொச்சம். இப்படியே போனா, புதுசா ஒரு பைசா செலவு பண்ணாமலே, கடன் பாதியாக 32 மாசம். கால்குலேட்டர்ல தட்டித் தட்டி 32 வந்ததும் ஒரு பையன் பின்னாடி திரும்பி அவங்க அப்பாவை பாத்தான், அப்பா கூரையை பாத்தார். அங்க என்ன கதையோ.

பெரிய குறை மூணாவது ஞாயிறு. காலைல பர்சனல் டேட்டா பத்தி நல்ல கிளாஸ், ஓடிபி யாருக்கும் சொல்லாதே, யார் நம்பர் கேட்டாலும் எதுக்குன்னு கேளுன்னு. மத்தியானம் இன்சூரன்ஸ் பத்தி சொல்லித்தர ஒருத்தர் வந்தார், கெஸ்ட் லெக்சர்னாங்க, பேச்சு நல்லாத்தான் இருந்தது, முடிச்சிட்டு ஃபீட்பேக் ஃபார்ம்னு ஒண்ணு குடுத்து பேர், ஃபோன் நம்பர், பெற்றோர் நம்பர், வீட்ல எத்தனை பேர்னு எழுதி வாங்கிட்டு போயிட்டார். மறுநாள்லேருந்து எங்க எல்லாருக்கும் பாலிசி எடுக்க சொல்லி கால். இதுவும் அந்த அட்டெண்டன்ஸ் ஷீட் மாதிரி ஒரு பாடமோன்னு முதல்ல நெனச்சேன், இல்ல, நிஜமாவே வித்திருக்காங்க. மேடம் கிட்ட கேட்டா விசாரிக்கறேன்னாங்க. இதைத்தான் பதில் வரலன்னு மேல சொன்னேன். எங்க சேந்தாலும் வெளியாள் வந்து பேசுவாங்களா, அவங்க என்ன விக்கறவங்கன்னு முன்னாடியே கேட்டுடுங்க.

இதையெல்லாம் ஸ்கூல்லயே ஏன் சொல்லித் தரலன்னு பின் பெஞ்சுல ஒவ்வொரு இடைவேளையிலயும் பேச்சு ஓடும். புது புலம்பல் ஒண்ணும் இல்ல. 2015 ஜனவரில ஜெர்மனில ஒரு ஸ்கூல் பொண்ணு, எனக்கு கிட்டத்தட்ட 18, வரி வாடகை இன்சூரன்ஸ் எதுவும் தெரியாது, ஆனா கவிதை நயம் பாராட்டி நாலு மொழில எழுதத் தெரியும்னு ட்விட்டர்ல போட்டு, அந்த நாட்டு கல்வி அமைச்சர் வரைக்கும் பதில் சொல்ல வேண்டி வந்தது. ஜப்பான்ல 2022 ஏப்ரல்ல மேஜர் ஆகற வயசை 20லேருந்து 18க்கு குறைச்சாங்க, அதாவது ஸ்கூல்ல இருக்கற பிள்ளையே அப்பா அம்மா சம்மதம் இல்லாம ஒப்பந்தம் போடலாம், அதே நேரத்துல மேல்நிலை வகுப்பு மனையியல் பாடத்துக்குள்ள சேமிப்பு, முதலீடெல்லாம் கொண்டு வந்தாங்க. பல நாட்டு ஸ்கூல் பசங்களை ஒப்பிட்டு பாக்கற பீசா (PISA) தேர்வு நடத்தறவங்க 2012லேருந்து 15 வயசு பசங்களுக்கு பண விஷயத்துக்குன்னே தனியா ஒரு தேர்வு வைக்கறாங்க.

எனக்கு மட்டும் தனி பாடமா வச்சா சரியாயிடும்னு தோணல. நம்ம கைல குடுத்தா என்ன ஆகும்னு எனக்கு இப்பவே தெரியுது. "ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கவனிக்க வேண்டியவை யாவை? ஐந்து மதிப்பெண்." கைடு வரும், முக்கிய வினாக்கள் வரும், ட்யூஷன் வரும், பையன் அஞ்சுக்கு அஞ்சு வாங்கிட்டு அட்டெண்டன்ஸ் ஷீட்டை படிக்காம சைன் போடுவான். பண விஷய வகுப்பு பத்தி இருநூறு ஆய்வுக்கு மேல ஒண்ணா சேத்து 2014ல பாத்தப்ப, ஜனங்க பணத்தை கையாளற விதத்துல இருக்கற வித்தியாசத்துல அந்த வகுப்புகளால வந்தது 0.1 பர்சன்ட்தான்னும், மணிக்கணக்கா நடத்தினா கூட இருபது மாசத்துல கரைஞ்சு போகுதுன்னும் வந்தது. பின்னாடி 2022ல 76 சோதனைகளை சேத்து பாத்த இன்னொரு ஆய்வு, அப்படியெல்லாம் இல்ல, பலன் இருக்குன்னு சொல்லுது. அவங்க அடிச்சுக்கட்டும், நான் பின் பெஞ்சுலேருந்து பாத்தது என்னன்னா கையால செஞ்சதெல்லாம் தம்பிகிட்ட ஒட்டிச்சு, ஸ்லைடுல வாசிச்சதெல்லாம் பஸ் ஏறறதுக்குள்ள போயிடுச்சு.

டீச்சர்களை திட்டவும் மனசு வரல. ஒரு ரூம்ல நாப்பது பிள்ளைங்க, முடிக்க வேண்டிய போர்ஷன், இதுல ஆளுக்கொரு ஃபோன் கால் எங்க பண்ண வைக்கறது. அதோட அந்த ஒப்பந்தத்தை வாசிக்கற அளவுக்கு எழுத்தும், 32 மாசத்தை தட்டிப் பாக்கற அளவுக்கு கணக்கும் ஸ்கூல் போட்ட பிச்சைதான், அதை மறந்துட்டு பேசறது நன்றி கெட்டத்தனம். கணக்கு கிளாஸ்ல கூட்டு வட்டி நடத்தற அன்னைக்கு ஒரு நிஜ கடன் பேப்பரை ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கு ஒண்ணு குடுத்தா போதும்னுதான் சொல்றேன், தனி பீரியட் கூட வேணாம்.

கடைசி நாள் என்ன பண்ணாங்க தெரியுமா, டெஸ்ட். ஏ பி சி டி, சரியான விடையை தேர்ந்தெடு. பெரியவரை மடக்கின அதே பசங்க தலையை குனிஞ்சு பக்கத்து பேப்பரை எட்டிப் பாத்துட்டு இருந்தாங்க, எனக்கு சிரிப்பும் வந்தது கடுப்பும் வந்தது. தம்பிக்கு 25க்கு 24. அந்த ஒண்ணு எதுல போச்சுன்னு பாத்தா, உங்களுக்கு ஒரு அலுவலகத்தில் சரியான பதில் கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள்ங்கற கேள்வி. இவன் "மறுபடி கூப்பிடுவேன்" டிக் பண்ணியிருக்கான், அவங்க விடை "மேலதிகாரிக்கு கடிதம் எழுதுவேன்". இதுக்கு நான் என்ன சொல்ல.

அனுப்பலாமான்னா, அனுப்பலாம், ஃபோன் கால், ஒப்பந்தம், சிபிஆர் இந்த மூணும் இருந்தா. ரெண்டாவது ஞாயிறு லீவ் போட்டாலும் நஷ்டம் இல்ல. முடிஞ்சா கூடவே போய் பின்னாடி உட்காருங்க, நம்மளும் கத்துக்க நிறைய இருக்கு, நான் அந்த நாலு விஷய நோட்டு இப்ப ஆபீஸ்ல வச்சிருக்கேன். கடைசியா அட்வான்ஸ்டு லெவல்னு ஒண்ணுக்கு சேர சொல்லி குரூப்ல மெசேஜ் வந்துட்டே இருக்கும், அதை மியூட் பண்ணிடுங்க.

சர்டிஃபிகேட் வந்தது, தம்பி பேர்ல ஒரு எழுத்து தப்பு. நான் கூப்பிட்டு பேசவான்னு கேட்டேன், நீ சும்மா இருக்கான்னுட்டான். இதுவரைக்கும் மூணு கால் பண்ணியிருக்கான். முதல் கால்ல அது வேற செக்ஷன்னாங்களாம். இப்ப நோட்ல ஒருத்தர் பேரும், வியாழக்கிழமை 11 மணின்னும் எழுதி வச்சிருக்கான்.